டோஃப்டே மின்நிலையம்: சவ்வு தாண்டிய தண்ணீரும் பஞ்சில் மாட்டிய உப்பும்

2009 நவம்பர் 24 அன்று, நார்வேயின் ஆஸ்லோ ஃபியோர்டுக் கரையில் உள்ள டோஃப்டே என்ற சிற்றூருக்குப் பட்டத்து இளவரசி மெத்தே-மாரித் வந்தார். அங்கே ஒரு காகிதக்கூழ் ஆலையின் வளாகத்துக்குள் கட்டியிருந்த புதிய மின்நிலையத்தைத் திறந்து வைத்தார். அதன் திறன் 2 முதல் 4 கிலோவாட். ஒரு மின்கெட்டிலைப் போட்டால் ஓடும். கூடவே இஸ்திரிப் பெட்டியையும் சொருகினால் திணறிவிடும். இதற்கு இளவரசி எதற்கு என்று அன்றைக்கே சிலர் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அந்த நிலையத்தில் எரிக்க எதுவும் இல்லை. அணை இல்லை, காற்றாடி இல்லை, வெயிலும் தேவையில்லை. ஒரு குழாயில் நன்னீர் வந்தது, இன்னொரு குழாயில் கடல்நீர் வந்தது, இரண்டுக்கும் நடுவில் 2,000 சதுர மீட்டர் சவ்வு இருந்தது. நன்னீர் யாரும் தள்ளாமலே சவ்வைத் தாண்டிக் கடல்நீர்ப் பக்கம் போனது. அந்தப் பக்கத்தில் அழுத்தத்தோடு நின்ற நீர் பெருகியது, பெருகிய நீர் டர்பைனைச் சுழற்றியது. சவ்வூடு பரவலை வைத்து மின்சாரம் எடுத்த உலகின் முதல் நிலையம் இதுதான். நடத்தியது ஸ்டாட்கிராஃப்ட் என்ற நார்வே அரசு நிறுவனம். நான்கே ஆண்டுகள் கழித்து, 2013 டிசம்பரில், இந்த முயற்சியை நிறுத்திக்கொள்வதாக அதே நிறுவனம் அறிவித்தது.

ஏன் நின்றது என்று கேட்டால் "கட்டுப்படியாகவில்லை" என்ற பதில்தான் எங்கும் கிடைக்கும். அது உண்மைதான். ஆனால் ஏன் கட்டுப்படியாகவில்லை என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனால், சவ்வூடு பரவலைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தில் போய் முட்டுவோம். கோட்பாடு சொன்ன விசை டோஃப்டேயில் அப்படியே இருந்தது. கோளாறு, உப்பு எந்த இடத்தில் போய் நின்றது என்பதில் இருந்தது. அந்த இடத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட வராது.

தண்ணீரை யார் தள்ளுகிறார்கள்

மாவடு போட்டவர்களுக்கு இது தெரியும். உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்த மாவடு நாலைந்து நாளில் தோல் சுருங்கி, தான் விட்ட தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். "உப்பு தண்ணியை இழுத்துடுச்சு" என்போம். அடுக்களைப் பேச்சுக்கு அது போதும், காரணம் என்று சொல்ல முடியாது. தோலுக்கு வெளியே நிற்கும் உப்புக்கு உள்ளே கைநீட்டி இழுக்க ஒரு வழியும் இல்லை.

சவ்வு என்று இங்கே சொல்வது தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் அரை ஊடுருவு சவ்வை. அதன் இரண்டு பக்கமும் தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் மோதி இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாகப் போய்வந்துகொண்டே இருக்கின்றன. இருபக்கமும் நன்னீராக இருந்தால் போவதும் வருவதும் சமம். ஒரு பக்கம் உப்பைக் கரைத்தால் சமநிலை குலைகிறது. உப்புத் துகள் ஒன்று சவ்வின் வாயருகே வரும்போதெல்லாம் சவ்வு அதைத் திருப்பி விரட்டுகிறது. விரட்டப்பட்ட துகள் சும்மா போவதில்லை, தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரையும் சேர்த்துச் சவ்விலிருந்து அப்பால் தள்ளிக்கொண்டு போகிறது. கோடானுகோடித் துகள்கள் நொடிக்கு நொடி இதைச் செய்யும்போது, சவ்வின் வாயை ஒட்டிய இடத்தில் தண்ணீரின் அழுத்தம் குறைந்துபோகிறது. குறைந்த இடத்தை நிரப்ப மறுபக்கத்து நன்னீர் உள்ளே வருகிறது.

ஆக, தள்ளுவது சவ்வு. உப்பு வெறும் இடைத்தரகர். இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது, சவ்வு இல்லாவிட்டால் ஏன் ஒன்றும் நடப்பதில்லை என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது என்பதுதான். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் இதே நன்னீரும் இதே உப்புநீரும்தான் சந்திக்கின்றன. உப்பைத் திருப்பி அனுப்ப அங்கே யாரும் இல்லாததால் இரண்டும் சத்தமில்லாமல் கலந்துவிடுகின்றன.

திருப்பி அனுப்பப்படும் துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு. அது உப்பா சர்க்கரையா என்பது பெரும்பாலும் பொருட்டில்லை. 1877இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர், நுண்துளை மண்கலத்தின் சுவரில் ஒரு வேதிப்படலத்தை உருவாக்கி, அதற்குள் சர்க்கரைக் கரைசல் வைத்து அளந்தார். 1 சதவீதக் கரைசலுக்கே வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 0.7 பங்கு வந்தது. அந்த அளவீடுகளை வைத்துத்தான், கரைந்த பொருளும் வாயுவைப் போன்ற விதிக்கே கட்டுப்படுகிறது என்று டச்சு வேதியியலாளர் வான்ட் ஹாஃப் காட்டினார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், அவருக்குப் போனது.

அதே சூத்திரத்தில் கடல்நீரைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. உப்பு கரையும்போது இரண்டாகப் பிரிவதால் துகள்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. விடை சுமார் 27 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 27 மடங்கு. 270 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அடியில் இருக்கும் அழுத்தம் இது. ஆறு கடலைச் சேரும் ஒவ்வொரு இடத்திலும் 270 மீட்டர் அருவி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருக்கிறது என்று பொறியாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். ஒரு குவளைக் கடல்நீருக்குள் 27 பார் அழுத்தம் உட்கார்ந்திருக்கவில்லை. அப்படி இருந்தால் குவளை தாங்காது. சவ்வு ஒன்று வைத்து, அதன் ஒரு முகத்தில் நன்னீரும் மறுமுகத்தில் கடல்நீரும் தொட்டுக்கொண்டு நின்றால் மட்டுமே அந்த எண்ணுக்கு உயிர் வரும். "தொட்டுக்கொண்டு" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டோஃப்டேயின் கதை அதில்தான் இருக்கிறது.

எதிர்த்து நடக்க விட்டால் வேலை வாங்கலாம்

கடல்நீர்ப் பக்கத்தை 27 பாருக்கு மேல் அழுத்தினால் ஓட்டம் திரும்பிவிடும்: கடலிலிருந்து நன்னீர் பிதுங்கி வரும். நெம்மேலியில் சென்னைக்குக் குடிநீர் எடுப்பது இப்படித்தான். நாம் ஆர்.ஓ. என்று சொல்லும் எதிர்ச் சவ்வூடு பரவல் இது. அதற்கு நடைமுறையில் உதவும் சவ்வை முதலில் செய்து காட்டியவர்கள், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பணியாற்றிய சிட்னி லோபும், இந்தியாவிலிருந்து போன சௌரிராஜனும். 1960ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய ஒருவர் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் ஆர்.ஓ. பெட்டிக்கு மூலவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

27 பாருக்குக் கீழே அழுத்தம் கொடுத்தால்? நன்னீர் அப்போதும் சவ்வைத் தாண்டிப் போகும், ஆனால் எதிர்ப்பைத் தாண்டிப் போகும். எதிர்ப்பைத் தாண்டும் எதனிடமும் வேலை வாங்கலாம். இதை 1973இல் எண்ணிப் பார்த்தவரும் அதே சிட்னி லோப்தான். அப்போது அவர் இஸ்ரேலில் இருந்தார். ஜோர்டான் ஆறு சாக்கடலில் கலப்பதுதான் அவருக்கு எடுத்துக்காட்டு. ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் ஆற்றல் வீணாகிறது என்பதை 1954லேயே பேட்டில் என்ற ஆங்கிலேயர் எழுதியிருந்தார்.

எவ்வளவு எதிர்ப்பு வைப்பது? எதிர்ப்பே இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடும், ஆனால் வேலை கிடைக்காது. 27 பார் வைத்தால் ஓட்டமே நின்றுவிடும், அப்போதும் வேலை இல்லை. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிக் கிடைக்கும் வேலை உச்சமாவது சரிபாதியில். டோஃப்டேயின் வடிவமைப்பு 12 பாரை ஒட்டி அமைந்தது. 270 மீட்டர் அருவியில் 120 மீட்டர் கையில் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். மோசமில்லை.

வாட்டும் சதுர மீட்டரும்

ஸ்டாட்கிராஃப்ட் இதில் அவசரப்பட்டு இறங்கவில்லை. சின்டெஃப் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து 1997லேயே வேலையைத் தொடங்கியிருந்தது. உலகம் முழுவதும் இந்த வழியில் ஆண்டுக்கு 1,600 டெராவாட்-மணிக்கு (ஒரு டெராவாட்-மணி என்றால் 100 கோடி யூனிட்) மேல் மின்சாரம் எடுக்கலாம் என்று அது மதிப்பிட்டது. நார்வேக்கு மட்டும் 12. மலையிலிருந்து ஏராளமான நன்னீர் நேரே கடலில் விழும் நாடு, நீர்மின்சாரத்தில் நூறாண்டு அனுபவம் உள்ள நாடு. ஆசைப்பட்டதில் தப்பில்லை.

எல்லாக் கணக்கும் கடைசியில் ஒரே எண்ணில் வந்து நின்றது: ஒரு சதுர மீட்டர் சவ்வுக்கு எத்தனை வாட். 5 வாட் வந்தால் தொழில் நடத்தலாம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. 12 பாரில் 5 வாட் வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் மணிக்கு 15 லிட்டர் நன்னீர் தாண்ட வேண்டும். டோஃப்டேயின் 2,000 சதுர மீட்டரில் 2 முதல் 4 கிலோவாட் என்றால், சதுர மீட்டருக்கு 1 முதல் 2 வாட்தான். மணிக்கு 3 முதல் 6 லிட்டர். ஆய்வுக்கூடத்தில் சிறு துண்டுகளில் 3 வாட்டை ஒட்டி எட்டினார்கள்.

5 வாட்டே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டாலும் அளவைப் பாருங்கள். 25 மெகாவாட் என்பது மின்துறையில் சின்ன நிலையம். அதற்கு 50 லட்சம் சதுர மீட்டர் சவ்வு வேண்டும், அதாவது 5 சதுர கிலோமீட்டர். கடல்நீர் ஆலைகளில் புழங்கும் 8 அங்குலச் சுருள் ஒன்றுக்குள் சுமார் 37 சதுர மீட்டர் சவ்வு சுற்றி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் 1,35,000 சுருள்கள். 1 வாட் என்றால் இதைப் போல் ஐந்து மடங்கு. நீர்மின் நிலையத்தில் டர்பைனும் சுவரும் பல பத்தாண்டு நிற்கும். சவ்வோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள்.

பஞ்சுக்குள் என்ன நடந்தது

சரி, ஏன் 5 வாட் வரவில்லை? உண்மையான சம்பவம் நடந்த இடம் இதுதான்.

லோபும் சௌரிராஜனும் செய்த சவ்வின் சூட்சுமம் அது ஒரே சீரானதல்ல என்பது. மேலே, உப்பைத் தடுக்கும் தோல் ஒன்று. அதன் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு. அவ்வளவு மெல்லிய தோல் தனியாக நிற்காது. அதனால் கீழே துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற ஒரு தாங்கி, அதற்கும் கீழே ஒரு துணி. மொத்தமாக 0.15 மில்லிமீட்டர் வரும். தடுப்பது தோல், தாங்குவது பஞ்சு.

ஆர்.ஓ. ஆலையில் இந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்கிறது. உப்புநீர் தோல் பக்கம் இருக்கும். தாண்டி வரும் நன்னீர் பஞ்சு வழியாக இறங்கிப் போகும். பஞ்சுக்குள் நன்னீர் மட்டும்தான், அதனால் அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பெரிய கேடில்லை. எல்லாவற்றையும் ஒரு ராட்சச பம்பு தள்ளிக்கொண்டிருக்கிறது.

டோஃப்டேயில் பம்பு தள்ளவில்லை. உப்பின் வித்தியாசம் மட்டுமே தள்ளியது. தோலின் மேல் முகத்தில் கடல்நீர் இருந்தது. கீழ் முகத்தில் நன்னீர் இருந்திருக்க வேண்டும், ஆனால் தோலைத் தொட்டது பஞ்சுக்குள் நின்ற நீர். எந்தச் சவ்வும் உப்பை நூற்றுக்கு நூறு தடுப்பதில்லை. கடல் பக்கத்திலிருந்து கொஞ்சம் உப்பு கசியத்தான் செய்யும். கசிந்த உப்பு பஞ்சுக்குள் விழுகிறது. வெளியே நன்னீர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த ஓட்டம் பஞ்சின் உள்ளே எட்டுவதில்லை. மாட்டிய உப்பு வெளியேற ஒரே வழி, மெதுவாகப் பரவிப் பரவிக் கீழே இறங்குவது. ஆனால் அது இறங்க வேண்டிய அதே வழியில் நன்னீர் எதிரே ஏறி வந்து அதை மறுபடி தோலை நோக்கித் தள்ளுகிறது. ஆற்றுநீர் தன்னோடு கொண்டுவரும் சிறிதளவு உப்பும் அங்கேயே வந்து சேர்கிறது.

ஓட்டம் கூடக்கூட இந்தத் தேக்கம் படிப்படியாக அல்ல, அடுக்குமடங்காக ஏறும் என்பதுதான் கொடுமை. பஞ்சின் தடிமனையும் அதன் துளைகளின் வளைவு நெளிவுகளையும் சேர்த்துப் பார்த்தால், உப்புக்கு அது ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள அசையாத நீராகத் தெரியலாம். அப்படியானால், மணிக்கு 15 லிட்டர் ஓட்டத்தில் ஆற்றுநீரின் உப்பு தோலருகே பத்து மடங்கைத் தாண்டிச் செறிவடையும். கசிவும் அதே போலப் பெருக்கப்படும். அதை 0.3 மில்லிமீட்டராகத் தெரியும்படி செய்துவிட்டால் இரண்டு மடங்கை ஒட்டி அடங்கிவிடும். மறுபுறம், தோலின் மேல் முகத்தில், தாண்டி வரும் நன்னீரே அங்கிருந்த கடல்நீரை நீர்க்க வைக்கிறது. மேலே உப்பு குறைய, கீழே உப்பு கூட, 27 பார் என்று எண்ணியிருந்தது தோலைப் பொறுத்தவரை 27 இல்லை.

இழப்பு அதோடு நிற்பதில்லை. கிடைக்கும் உச்ச மின்திறன் அந்த அழுத்த வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் மின்திறனில் பாதிக்கும் மேல் போய்விடும்.

அப்புறம், மருந்தே நோயாகும் நிலைமை. தண்ணீர் வேகமாகப் போக வேண்டுமென்று தோலைத் தளர்த்தினால் உப்புக் கசிவும் கூடுகிறது. உப்பு மாட்டாமல் இருக்கப் பஞ்சை மெலிதாக்கினால், 12 பார் அழுத்தத்தில் சவ்வு பின்னால் உள்ள வலைக்குள் அழுந்திக் கிழிகிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகிறது. ஸ்டாட்கிராஃப்ட் 2011இல் ஜப்பானின் நிட்டோ டெங்கோ நிறுவனத்தோடு கைகோத்தது இப்படிப்பட்ட சவ்வைத் தேடித்தான்.

அழுக்கு இன்னொரு தொல்லை. ஆர்.ஓ.வில் அழுக்கு வழவழப்பான தோலின்மேல் படிகிறது, அலசி விடலாம். இங்கே ஆற்றுநீர் பஞ்சு வழியாகத்தான் நுழைகிறது. ஆற்றில் வரும் மட்கிய இலைச்சாறு, நுண்வண்டல், கிருமிகள் எல்லாம் பஞ்சின் துளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே போனது வராது. ஆற்றுநீரை முன்கூட்டியே நன்றாக வடிகட்ட வேண்டும், வடிகட்ட மின்சாரம் வேண்டும்.

அந்த மின்சாரத்துக்கு இடம் எவ்வளவு இருந்தது தெரியுமா? ஒரு கன மீட்டர் நன்னீர் 12 பாரை எதிர்த்துத் தாண்டினால் கிடைப்பது மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம். அவ்வளவுதான். டர்பைன் இழப்பு, இரண்டு நீரையும் ஏற்றும் பம்பு, வடிகட்டி, உள்ளே வரும் கடல்நீருக்கு வெளியே போகும் நீரின் அழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும் கருவியின் இழப்பு, எல்லாமே இதிலிருந்துதான் கழிய வேண்டும். ஒப்பிட்டுச் சொல்வதானால், கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் நன்னீர் பிரிக்க நல்ல ஆர்.ஓ. ஆலைக்கு 3 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. பிரிக்க மூன்று கொடுத்து, கலக்கும்போது மூன்றில் ஒன்று வாங்குகிறோம்.

நிறுத்தியதற்கு ஸ்டாட்கிராஃப்ட் சொன்ன காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்கெட்டிய காலத்துக்குள் மற்ற வழிகளோடு போட்டி போட முடியாது என்றது. அதே ஆண்டுகளில் சூரியத்தகடும் காற்றாலையும் விலை இறங்கிக்கொண்டிருந்தன. நார்வேயின் சுண்டால்சோராவில் 2 மெகாவாட் நிலையம் ஒன்று திட்டத்தில் இருந்தது; அது எழவே இல்லை.

உப்பைக் கூட்டியவர்கள்

எனக்கு டோஃப்டேயின் பிழை என்று படுவது ஒன்றுதான்: எளிதில் கிடைக்கும் இரண்டு நீரை, ஆற்றையும் கடலையும், எடுத்துக்கொண்டு சவ்வை அதற்கேற்ப வளைக்கப் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் நீரை மாற்றினார்கள்.

மின்திறன் வர்க்கத்தில் குறையும் என்றால் வர்க்கத்தில் ஏறவும் வேண்டும் அல்லவா? கடல்நீருக்குப் பதில் அதைப் போல் இருமடங்கு உப்புள்ள நீரை வைத்தால், அதே சதுர மீட்டர் சவ்விலிருந்து கோட்பாட்டளவில் நான்கு மடங்கு. அவ்வளவு உப்புநீர் எங்கே கிடைக்கும்? ஆர்.ஓ. ஆலை குடிநீரைப் பிரித்தெடுத்த பிறகு கடலில் கொட்டும் அடர் உப்புநீர் ஏறத்தாழ அந்தச் செறிவில்தான் இருக்கிறது. ஏற்கெனவே வடிகட்டிய நீர் என்பதால் அழுக்குத் தொல்லையும் குறைவு.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய நிலையம் இந்த வழியில்தான் போகிறது. கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் அடர் உப்புநீர் ஒரு பக்கம். ஆற்றுநீர் அல்லாமல் சுத்திகரித்த கழிவுநீர் மறுபக்கம். திறன் 110 கிலோவாட். ஆண்டுக்கு 8.8 லட்சம் யூனிட் எதிர்பார்க்கிறார்கள். மணிக்கணக்கில் போட்டால் ஆண்டில் 8,000 மணி நேரம் ஓடுவதாக வருகிறது. வெயில், காற்று எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இது நம்பக்கூடிய கணக்கு. அந்த மின்சாரம் வெளியே எங்கும் போவதில்லை. பக்கத்திலிருக்கும் அதே சுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போகிறது, அங்கே கடல்நீரைச் சவ்வின் வழியே எதிர்த்திசையில் தள்ளும் பம்புகளின் மின்கட்டணத்தில் கொஞ்சம் குறைக்க.